தகராறில் முடியும் அதிபர் தேர்தல்: தீர்ப்பது நீதிமன்றமா, நாடாளுமன்றமா?

#1 முகில்வாணன்

அதிபர் தேர்தல் முடிவில் தகராறு வந்தால் யார் தீர்த்து வைக்க வேண்டும்? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடாளுமன்றம்தான், நீதிமன்றம் அல்ல.

அமெரிக்காவில் 2000-ல் நடந்ததைப் பாருங்கள். ஏறக்குறைய 60 லட்சம் பேர் வாக்களித்த ஃபுளோரிடாவில் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் வித்தியாசம் 537 வாக்கு. டிசம்பர் 8-ல் மாநில உச்ச நீதிமன்றம் கையால் எண்ணச் சொன்னது. மறுநாளே வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 12-ம் தேதி இரவு தீர்ப்பு வந்தது. எண்ணும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது, அது சமத்துவத்துக்கு விரோதம் என்று ஏழு நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். சரி, ஒரே முறையை வகுத்து எண்ணிவிடலாமே என்றால், அதற்கு நேரமில்லை என்று ஐந்து பேர் சொல்லிவிட்டார்கள். நேரத்தைத் தின்றதே அவர்கள் போட்ட தடைதான்! போதாததற்கு, இந்தக் காரணம் இந்த வழக்கின் சூழ்நிலைக்கு மட்டும்தான் என்று ஒரு வரி வேறு.

மக்கள் பிரதிநிதிகள் தப்பு செய்தால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கும் ஒன்பது பேரை என்ன செய்வது?

#2 பழைய_வக்கீல்

தம்பி முகில், அந்த டிசம்பர் 12-ம் தேதியே இன்னொன்றும் நடந்தது. ஃபுளோரிடா மாநில சட்டமன்றத்தின் கீழவை கூடி, "எண்ணிக்கை எப்படிப் போனாலும் சரி, புஷ்ஷின் எலெக்டர்களை (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தின் சார்பில் வாக்களிப்பவர்களை) நாங்களே நியமிக்கிறோம்" என்று 79-க்கு 41 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. அந்த அவையில் யாருக்குப் பெரும்பான்மை என்று நான் சொல்லத் தேவையில்லை. அன்று இரவு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததால் அந்தத் தீர்மானத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நீங்கள் கேட்கிற நாடாளுமன்றத் தீர்வு நடைமுறையில் அப்படித்தான் இருக்கும்.

இன்னும் பழைய கதை வேண்டுமானால் 1876. டில்டனுக்கு 184 எலெக்டோரல் வாக்கு, ஹேய்ஸுக்கு 165, தகராறில் 20. டில்டனுக்குத் தேவை ஒன்றே ஒன்று. செனட் ஒரு கட்சியிடம், பிரதிநிதிகள் சபை இன்னொரு கட்சியிடம். யார் எண்ணுவது என்பதிலேயே முட்டிக்கொண்டார்கள். கடைசியில் 1877 ஜனவரியில், அதாவது தேர்தல் முடிந்து இரண்டு மாதத்துக்கும் மேலான பிறகு, 15 பேர் கொண்ட ஆணையம் ஒன்றைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். ஒவ்வொரு சபையிலிருந்தும் ஐந்து பேர், நீதிபதிகள் ஐந்து பேர். நடுநிலையானவர் என்று எல்லோரும் நம்பியிருந்த நீதிபதி டேவிட் டேவிஸை இல்லினாய் சட்டமன்றம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்துவிட, அவர் விலகினார். அந்த இடத்துக்கு பிராட்லி வந்தார். தகராறான இருபதும் 8-க்கு 7 என்ற கணக்கில் ஹேய்ஸுக்கே போயின. 185-க்கு 184.

நீதிபதியும் எம்.பி.யும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இரு தரப்பும் கட்சிக் கணக்குப்படியே வாக்களித்தன.

#3 ஒற்றையடிப்பாதை

ஆக, எம்.பி. கட்சிக்காரர், நீதிபதி அங்கி போட்ட கட்சிக்காரர். நாணயத்தைச் சுண்டிப் போட்டுவிடலாம். செலவாவது மிச்சம்.

#4 நிலா_இளங்கோ

ஒற்றையடி, வழக்கம்போல இரண்டு வரியில் ஓடிவிட்டீர்கள் :) எல்லா இடத்திலும் ஒன்றாக நடக்கவில்லை.

மெக்சிகோவில் அதிபர் தேர்தல் முடிவுக்கு இறுதி முத்திரை குத்துவது முன்பெல்லாம் கீழவையின் வேலை. 1988-ல் முடிவுகள் வந்துகொண்டிருந்தபோது கணினி "விழுந்துவிட்டது". எழுந்தபோது ஆளுங்கட்சியின் சலினாஸ் வென்றிருந்தார். எதிர்த்து நின்ற கார்தெனாஸ் தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை. கீழவையின் 500 இடங்களில் ஆளுங்கட்சியிடம் 260. முத்திரை விழுந்தது. சில ஆண்டுகள் கழித்து அந்த வாக்குச்சீட்டுகளை எரிக்கவும் அதே சபை ஒப்புதல் கொடுத்தது. முகில் சொல்கிற "அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம்" அங்கே நடந்தது 2000-ல்தான்.

1996 சீர்திருத்தத்துக்குப் பிறகு அந்த வேலை தேர்தல் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2006-ல் கால்தெரோனுக்கும் லோபெஸ் ஒப்ரதோருக்கும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். "ஒவ்வொரு வாக்கையும் எண்ணு" என்று தலைநகரின் மையச் சாலையையே மறித்தார்கள். தீர்ப்பாயம் ஏறக்குறைய ஒன்பது சதவீத வாக்குச்சாவடிகளை மட்டும் மறுபடி எண்ணச் சொல்லி, செப்டம்பரில் கால்தெரோனை அறிவித்தது. முழுக்க எண்ணியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனாலும் காரணம் எழுதிய தீர்ப்பு ஒன்று கையில் இருந்தது, அதை வைத்து வாதாட முடிந்தது. 1988-ல் அது கூட இல்லை.

#5 முகில்வாணன்

> நீங்கள் கேட்கிற நாடாளுமன்றத் தீர்வு நடைமுறையில் அப்படித்தான் இருக்கும்

எப்போதுமா ஐயா? 1960 ஹவாயை விட்டுவிட்டீர்களே. முதல் எண்ணிக்கையில் நிக்சன் முன்னிலை, ஆளுநர் சான்றிதழும் அவர் பக்கம். மறு எண்ணிக்கையில் கென்னடி 115 வாக்கில் வென்றார். இரண்டு தரப்பு எலெக்டர்களும் தனித்தனியே வாக்களித்து அனுப்பிவைத்துவிட்டார்கள். 1961 ஜனவரியில் கூட்டுக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் துணை அதிபர் நிக்சனேதான். "இதை முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டு கென்னடி பக்கத்து வாக்குகளையே எண்ணச் சொன்னார். நாடாளுமன்றமும் கண்ணியமாக நடக்கும்.

#6 பழைய_வக்கீல்

அந்த மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டது யார்? ஹவாயின் நீதிமன்றம். நீதிமன்றம் கென்னடி வென்றார் என்று தீர்ப்பளித்து, ஆளுநர் புதுச் சான்றிதழ் அனுப்பிய பிறகுதான் நிக்சன் பெருந்தன்மை காட்டினார். அந்த மூன்று எலெக்டோரல் வாக்கு எந்தப் பக்கம் போனாலும் கென்னடிதான் அதிபர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோற்றவருக்கு இழக்க ஒன்றுமில்லாத இடத்தில் கண்ணியம் சுலபம்.

#7 கடலோடி

எல்லாரும் ஆர் தீர்க்கிறது எண்டு கதைக்கிறீங்கள். எப்ப தீர்க்கிறது எண்டு ஒருத்தரும் கதைக்கேல்லை.

இலங்கையில 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தல். நாடு முழுக்க வன்முறை, வாக்களிக்கப் போறவையைச் சுடுவம் எண்டு மிரட்டல். பிரேமதாச 50 சதவீதத்துக்கு மேல கொஞ்சம் எடுத்து வெண்டார். சிறிமாவோ பண்டாரநாயக்க தேர்தல் மனு போட்டா. மனுவைத் தள்ளுபடி செய்து தீர்ப்பு வந்தது 1992-ல. ஆறு வருசப் பதவிக்காலத்தில பாதிக்கு மேல முடிஞ்சு போச்சு. அப்ப ஒருவேளை அவ வெண்டிருந்தால்? அதுவரைக்கும் அவர் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன ஆகிறது? தீர்ப்பு சரியோ பிழையோ, அந்த நேரத்தில அதுக்கு அர்த்தமே இல்லை.

#8 செம்பருத்தி

கடலோடி அண்ணா தொட்ட இடம்தான் எனக்கும் முக்கியம்.

கென்யா இதற்கு நேர் எதிர்முனை. 2007-ல் எதிர்க்கட்சி வேட்பாளர் ஒடிங்கா தரப்பு "நீதிமன்றம் அரசின் கையில் இருக்கிறது, அங்கே போக மாட்டோம்" என்று தெருவுக்குப் போனது. ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அதன் பிறகு 2010 அரசியலமைப்பில் புது உச்ச நீதிமன்றம், புது விதி: முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் மனு, மனு போட்ட 14 நாளுக்குள் தீர்ப்பு. அதுவரை பதவியேற்பு கிடையாது.

2017 ஆகஸ்டில் கென்யாட்டா சுமார் 14 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிப்பு. ஒடிங்கா இந்த முறை நீதிமன்றம் போனார். தேர்தல் ஆணையத்தின் சர்வர்களைப் பார்வையிட விடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணையம் முழுதாகத் திறந்து காட்டவில்லை. காட்டாததால் மறைக்க ஏதோ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வோம் என்றது நீதிமன்றம். செப்டம்பர் 1-ல் தலைமை நீதிபதி மராகா தலைமையில் 4-க்கு 2 என்று தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பு. ஆப்பிரிக்காவில் பதவியில் இருந்த அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை.

ரொம்பப் பேர் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். அடுத்த இரண்டு மாதம்தான் பாடம். கென்யாட்டா நீதிபதிகளை "போக்கிரிகள்" என்று மேடையிலேயே திட்டினார். மறுதேர்தலுக்கு முந்தைய நாள், அதைத் தள்ளிவைக்கக் கேட்ட மனு விசாரணைக்கு வந்தது. குறைந்தது ஐந்து நீதிபதிகள் வேண்டும், வந்தது மராகாவும் இன்னொருவரும் மட்டும். அதற்கு முந்தைய நாள் மாலைதான் துணைத் தலைமை நீதிபதியின் பாதுகாவலரை யாரோ சுட்டிருந்தார்கள். மனு விசாரிக்கப்படவே இல்லை. ஒடிங்கா புறக்கணித்தார், கென்யாட்டா 98 சதவீதம் வாங்கினார், வாக்களித்தவர்கள் 40 சதவீதம்கூட இல்லை.

தீர்ப்பு சொல்லும் துணிச்சல் இருந்தது. அதன் பின்னால் நிற்க ஆளில்லை. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த நாடாளுமன்றமோ அந்த இடைவெளியில் தேர்தலை ரத்து செய்வதைக் கடினமாக்கும் சட்டத் திருத்தத்தைத்தான் நிறைவேற்றியது.

#9 நிலா_இளங்கோ

செம்பருத்தி, கென்யாவில் என்னை உறுத்துவது வேறொன்று. 14 லட்சம் வித்தியாசம். அதில் எத்தனை வாக்கு பொய் என்று நீதிமன்றம் கணக்கிடவே இல்லை. நடைமுறை கெட்டது, அதனால் முடிவும் கெட்டது. இந்த அளவுகோலைப் பிடித்தால் எந்தத் தேர்தல் நிற்கும்?

ஆஸ்திரியாவில் 2016-ல் இதே போன்றது நடந்தது. வான் டெர் பெல்லன் 30,863 வாக்கில் வென்றார். தோற்ற தரப்பு அரசியலமைப்பு நீதிமன்றம் போனது. தபால் வாக்கு உறைகளை நேரத்துக்கு முன்பே பிரித்தது, அதிகாரம் இல்லாதவர்கள் எண்ணியது என்று பல மாவட்டங்களில் விதிமீறல். ஒரு வாக்காவது திருடப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை, நீதிமன்றமே அதைச் சொன்னது. ஆனால் அந்த விதிமீறல் தொட்ட வாக்குகள் 77,926. இது 30,863-ஐ விடப் பெரிது. ஆகவே முடிவு மாறியிருக்க வாய்ப்பு உண்டு, ஆகவே செல்லாது.

பிடிக்கிறதோ இல்லையோ, இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த நீதிபதியும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

(அக்டோபரில் வைத்த மறுதேர்தலைத் தபால் உறையின் பசை ஒட்டவில்லை என்று டிசம்பருக்குத் தள்ளினார்கள். நிஜம். வான் டெர் பெல்லனே மறுபடி வென்றார், இந்த முறை இன்னும் பெரிய வித்தியாசத்தில்.)

#10 பழைய_வக்கீல்

நிலா அம்மா கேட்டதுதான் இந்த வழக்குகளின் உயிர்நாடி. "முடிவைக் கணிசமாகப் பாதித்ததா" என்பதே இந்தியச் சட்டத்திலும் சோதனை. நம்முடைய குடியரசுத் தலைவர் தேர்தலில் தகராறு வந்தால் அரசியலமைப்பின் 71-வது பிரிவுப்படி நேராக உச்ச நீதிமன்றம்தான். மனுப் போட வேட்பாளராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாக்குரிமையுள்ள எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் குறைந்தது 20 பேர் சேர வேண்டும். 30 நாள் கெடு.

1969-ல் வி.வி.கிரி வென்றபோது, எதிர்த்து நின்ற சஞ்சீவ ரெட்டியைப் பற்றி ஆபாசமான துண்டுப் பிரசுரம் விநியோகித்தார்கள் என்று மனு. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவர் நேரில் வந்து சாட்சி சொன்னார். உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு நாற்காலி போட்டு, குறுக்கு விசாரணையும் நடந்தது. மனு தள்ளுபடி ஆனது, அது வேறு விஷயம். 2012-ல் பிரணாப் முகர்ஜிக்கு எதிராக சங்மா போட்ட ஆதாயப் பதவி மனு முழு விசாரணைக்கே போகவில்லை, 3-க்கு 2 என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டு பேர் விசாரித்திருக்க வேண்டும் என்று எழுதியது எனக்குச் சரியாகவே படுகிறது.

முகிலுக்கு ஒரு வார்த்தை. நீதிமன்றம் வேண்டாம், நாடாளுமன்றமே பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டை நாமும் ஒருமுறை செய்தோம். 1975 ஆகஸ்டில், நெருக்கடிநிலையின்போது, 39-வது திருத்தம். பிரதமர், சபாநாயகர் தேர்தல் வழக்கோடு சேர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தல் தகராறையும் நீதிமன்றத்திடமிருந்து பிடுங்கி, நாடாளுமன்றம் அமைக்கும் அதிகார அமைப்பிடம் கொடுத்தார்கள். இந்திரா காந்தியின் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வருவதற்கு முந்தைய நாள் அதற்கு ஒப்புதல் கையெழுத்து விழுந்தது. 1978-ல் 44-வது திருத்தம்தான் அதை மாற்றிப் போட்டது.

#11 நெறியாளர்

39-வது திருத்தம் பற்றி மட்டும் வந்த ஆறு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே அதிபர் தேர்தலோடு நில்லுங்கள்.

#12 ஒற்றையடிப்பாதை

நீதிமன்ற ரசிகர்களுக்கு ஐவரி கோஸ்ட், 2010. தேர்தல் ஆணையம் சொன்னது: வட்டாரா 54 சதவீதம், வெற்றி. அரசியலமைப்பு மன்றம் வடக்கில் வட்டாராவுக்கு விழுந்த லட்சக்கணக்கான வாக்குகளைச் செல்லாது என்று தள்ளிவிட்டு, 51 சதவீதத்தோடு பதவியில் இருந்த பாக்போதான் அதிபர் என்றது. மன்றத் தலைவர் பாக்போவின் ஆள். இரண்டு பேரும் பதவியேற்றார்கள். சுமார் 3,000 பிணம் விழுந்தது.

அதுவும் முன்கூட்டியே எழுதிவைத்த நீதிமன்றம்தான். 14 நாள் கெடுவும் அளவுகோலும் வைத்து என்ன செய்வீர்கள்?

#13 செம்பருத்தி

நல்ல உதாரணம், ஆனால் அங்கே மன்றத்துக்குச் சட்டம் கொடுத்த அதிகாரம் என்ன? விதிமீறல் முடிவைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் தேர்தலை ரத்து செய்து மறுதேர்தல் வைக்கலாம். வாக்கைக் கழித்துத் தானே வெற்றியாளரை அறிவிக்கும் அதிகாரம் இல்லை. எல்லை தாண்டியது கண்ணுக்குத் தெரிந்ததால்தான் ஐ.நா.வும் அண்டை நாடுகளும் அதை ஏற்கவில்லை. விதி இல்லாதிருந்தால் எதை வைத்து மறுப்பது?

மலாவியையும் பாருங்கள். 2019 தேர்தலில் முடிவுத் தாள்களில் எண்களை வெள்ளை மை தடவித் திருத்தியிருந்தார்கள். ஊரே அதை "டிப்பெக்ஸ் தேர்தல்" என்றது. ஐந்து நீதிபதிகளும் குண்டு துளைக்காத அங்கி அணிந்து ராணுவக் காவலோடு நீதிமன்றத்துக்கு வந்து, 2020 பிப்ரவரி 3-ல் ரத்து செய்தார்கள். மறுதேர்தலில் சக்வேரா வென்றார். தீர்ப்பைப் பிடிக்காத முத்தாரிக்கா பதவியை விட்டு இறங்கினார். 2025 தேர்தலில் நின்று சக்வேராவைத் தோற்கடித்துத் திரும்பியும் வந்தார். கென்யாவில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. ராணுவம் நீதிபதிகளைக் காத்து நின்றது, மாதக்கணக்கில் மக்கள் தெருவில் இருந்தார்கள்.

#14 முகில்வாணன்

அப்படியென்றால் ருமேனியா? 2024 நவம்பர் முதல் சுற்றில் ஜார்ஜெஸ்கு முதலிடம். மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்ட அரசியலமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 2-ல் முடிவு சரி என்றது. நான்கே நாள் கழித்து, தானாகவே முன்வந்து, டிக்டாக் பிரசாரம் பற்றிய உளவுத்துறைக் காகிதங்களை வைத்து முழுத் தேர்தலையும் ரத்து செய்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் இரண்டாம் சுற்றுக்கு வாக்களிக்கவே தொடங்கிவிட்டார்கள். மறுதேர்தலில் அவரை நிற்கவும் விடவில்லை. இது தீர்ப்பா, தேர்வா? எனக்கு அந்த ஆளின் அரசியல் துளியும் பிடிக்காது. அது வேறு.

#15 நிலா_இளங்கோ

இதில் முகில் பக்கம்தான் நான். டிக்டாக் பிரசாரம் எத்தனை வாக்கை மாற்றியது என்று யாரால் அளக்க முடியும்? ஆஸ்திரியாவில் உறைகளை எண்ணினார்கள். இங்கே எண்ண எதுவுமே இல்லை.

#16 பழைய_வக்கீல்

நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பிரசாரப் பணத்தின் கணக்கே பூஜ்யம் என்று காட்டிய வேட்பாளர் அவர். ஆனால் டிசம்பர் 2-க்கும் 6-க்கும் நடுவே நீதிமன்றம் தன் அளவுகோலை மாற்றியது என்பது உண்மை, அதற்குச் சமாதானம் கிடையாது.

என் கட்சியைச் சொல்கிறேன். நீதிமன்றமா, நாடாளுமன்றமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, தீர்ப்பவரையும் கெடுவையும் அளவுகோலையும் யார் தோற்றார்கள் என்று தெரிவதற்கு முன் எழுதினார்களா, பின் எழுதினார்களா என்பது. ஓட்டம் முடிந்த பிறகு எல்லைக் கோடு போடக்கூடாது. 1877 ஆணையம், 1975 திருத்தம், ருமேனியாவின் நான்கு நாள், கென்யாவில் மறுதேர்தலுக்கு முன் வந்த திருத்தம், எல்லாம் பின் எழுதியவை. முன் எழுதுகிற வேலை நாடாளுமன்றத்துடையது, அதை வேறு யாராலும் செய்ய முடியாது. எழுதியதைப் பொருத்திப் பார்ப்பது நீதிமன்றம்.

அமெரிக்கர்கள் 1876-க்குப் பாடம் படித்து எலெக்டோரல் வாக்கை எண்ணும் முறைக்குச் சட்டம் போட 1887 ஆயிற்று. அந்தச் சட்டம் வக்கீலுக்கே புரியாத வாசகம். 2020-ல் அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகள் போட்டுப் பார்த்தார்கள், சான்று இல்லாமல் ஏறக்குறைய எல்லாமே விழுந்தன. டிரம்பே நியமித்த நீதிபதிகளும் தள்ளுபடி செய்தார்கள். அதற்குப் பிறகு மிஞ்சிய ஓட்டை அந்த 1887 வாசகம்தான், 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் அதன் வழியாக வந்தது. 2022-ல் திருத்தினார்கள். துணை அதிபருக்கு உறையைத் திறப்பதைத் தவிர அதிகாரமில்லை. ஆட்சேபம் எழுப்ப முன்பு ஒவ்வொரு சபையிலும் ஒருவர் போதும், இப்போது ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். சான்றிதழில் தகராறென்றால் மூன்று நீதிபதிகள் முன் விரைவு விசாரணை.

#17 கடலோடி

உக்ரைன் 2004 ஐயா? அங்க இரண்டாம் சுற்றைத் திரும்ப நடத்த சட்டத்தில வழியே இல்லை. உச்ச நீதிமன்றம் டிசம்பர் 3 நடத்தச் சொல்லிச்சுது. அஞ்சு நாளில நாடாளுமன்றம் தேர்தல் சட்டத்தை மாத்தி, அதோட சேர்த்து ஜனாதிபதியின்ர அதிகாரத்தையும் குறைச்சு ஒரே கட்டா நிறைவேற்றிச்சுது. எல்லாம் பின் எழுதினதுதான். ஆனா சண்டை இல்லாமல் முடிஞ்சுது.

#18 பழைய_வக்கீல்

இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்ட பின்னெழுத்து அது. அதிகாரம் குறைந்த பதவி என்பதால் தோற்ற பக்கத்துக்கும் ஏற்றுக்கொள்ள முடிந்தது. ஆனால் அவசரத்தில் கட்டியதை 2010-ல் அரசியலமைப்பு நீதிமன்றமே நடைமுறை சரியில்லை என்று பிரித்துப் போட்டுவிட்டது. அப்போது அதிபராக இருந்தவர் யார் என்று பாருங்கள். 2004-ல் தோற்ற அதே யானுகோவிச்.

#19 முகில்வாணன்

முன் எழுதியதெல்லாம் நியாயம் என்று ஆகிவிடுமா? அமெரிக்காவில் யாருக்கும் பெரும்பான்மை எலெக்டோரல் வாக்கு கிடைக்காவிட்டால் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு. கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, வயோமிங்குக்கும் ஒன்று. இது 1804-லேயே எழுதியது. 1824 தேர்தலில் ஜாக்சன் 99, ஆடம்ஸ் 84. சபை 24 மாநிலங்களில் 13-ஐக் கொடுத்து ஆடம்ஸை அதிபராக்கியது. ஆதரவு திரட்டிக் கொடுத்த கிளே வெளியுறவுச் செயலர் ஆனார்.

#20 பழைய_வக்கீல்

நியாயம் இல்லைதான். ஆனால் ஜாக்சன் தரப்பு அந்த முடிவை ஏற்று நான்கு ஆண்டு கத்திவிட்டு 1828-ல் வென்றது. வாக்கை வைத்து ஆடம்ஸை வீட்டுக்கு அனுப்பினார்கள், உங்கள் முதல் பதிவில் நீங்கள் கேட்டது போலவே. விதி மோசம், விதியை மாற்றச் சொல்லிப் போராடலாம். எண்ணி முடித்த பிறகு மாற்றச் சொல்லக்கூடாது.

#21 முகில்வாணன்

இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் மாற்றவில்லையே. மாற்ற வேண்டியதும் அந்த விதியால் லாபம் அடையும் சிறு மாநிலங்கள்தான். உங்கள் "முன் எழுதுவது" அங்கே எப்படி நடக்கும்?

#22 செம்பருத்தி

அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் ஒன்று. 2013 மாலத்தீவை யாருமே தொடவில்லை. முதல் சுற்றை நீதிமன்றம் ரத்து செய்தது, அடுத்துக் குறித்த வாக்குப்பதிவைக் காவல்துறையே நிறுத்தியது. கெடு, அளவுகோல், காவல், மூன்றும் ஒரே வழக்கில் சிக்கிக்கொண்டன. அதற்குத் தனி இழை திறக்கிறேன், கடலோடி அண்ணாவும் வாருங்கள்.